பத்து நிமிட நடையில் ஒரு வாக்குவாதம்

நம் வீடுகளில் காலை முதல் இரவு வரை பேசப்படும் தமிழை ஒலிப்பதிவு செய்து கேட்டால் அதில் என்ன இருக்கும்? "எந்திரி, மணியாச்சு." "தண்ணி போத்தல் எடுத்துக்கிட்டியா?" "போனை வச்சிட்டுச் சாப்பிடு." "தாத்தாகிட்ட பேசினியா?" பெரும்பாலும் கட்டளைகள். கொஞ்சம் விசாரிப்பு. கோயிலிலோ திருமணத்திலோ உறவினரைப் பார்த்தால் நலம் கேட்பது. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது: கருத்து. வேலையிடத்துச் சிக்கல், வீட்டு விலை, பிள்ளை எந்தப் பாடத்தை எடுப்பது என்று பெரியவர்கள் இருவர் உண்மையிலேயே யோசித்துப் பேசத் தொடங்கினால், பாதி வாக்கியத்திலேயே பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது.

வானொலியில் வேலை செய்வதால் இந்தத் தாவலை நான் அடிக்கடி கேட்கிறேன். நேயர் ஒருவர் அழைப்பார். வணக்கம் அழகாக வரும். எந்தப் பாட்டு, யாருக்காக என்பதெல்லாம் தெளிவான தமிழில் வரும். "சரி, இந்த விஷயத்தைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டதும் ஒரு சின்ன இடைவெளி. அடுத்து "ஆக்சுவலி..." என்று தொடங்கும். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதல்ல இதற்குக் காரணம். தமிழில் கருத்துச் சொல்லும் சந்தர்ப்பம் அவருக்கு அதிகம் வாய்த்ததில்லை.

சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை வேறு விதமாகச் சொல்கிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று கூறிய குடியிருப்பாளர்கள் 2010ல் 3.3 விழுக்காடு. 2020ல் அது 2.5 விழுக்காடு. பள்ளிகள் தம் பங்கைச் செய்கின்றன. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் மேடைகள் நிறைகின்றன. ஆனால் மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவரோடு ஒருவர் முரண்பட்டு, தமிழிலேயே யோசித்துப் பேசும் இடம் எங்கே இருக்கிறது?

அந்த இடம் நம் புளோக்கிற்குப் பக்கத்திலேயே இருக்க முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை. குடியிருப்புப் பேட்டையில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு சிறிய புத்தக, திரைப்படக் குழுவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு புளோக் போதாது

இலக்கியக் கூட்டங்கள் இங்கே இல்லாமலில்லை. 1988ல் தொடங்கிய வாசகர் வட்டம் பல ஆண்டுகள் அங் மோ கியோ நூலகத்தில் கூடி, புத்தகங்களைப் பேசி, எழுதுபவர்கள் பலரை வளர்த்திருக்கிறது. அந்த வட்டத்தின் பலம், தீவு முழுவதிலுமிருந்து ஆர்வமுள்ளவர்களைத் திரட்டியது. ஆனால் ஜூரோங் வெஸ்ட்டில் வசிக்கும், இரண்டு பிள்ளைகளுள்ள ஒரு குடும்பம், "நாங்க என்ன எழுத்தாளரா?" என்று நினைத்துக்கொண்டு அப்படிப்பட்ட கூட்டத்துக்குக் கிளம்பாது. அந்தக் குடும்பம் வீட்டுச் செருப்போடு இறங்கி வரக்கூடிய தூரத்தில் ஓர் இடம் வேண்டும்.

இங்கே நம் வீடமைப்பின் ஒரு கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1989ல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, கழக வீட்டு புளோக் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. 2010ல் மாற்றப்பட்ட வரம்பின்படி, இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு. நூறு வீடுகள் உள்ள புளோக் என்றால் அதிகபட்சம் பதினைந்து வீடுகள். அதிலும் மலையாளம், தெலுங்கு, இந்தி பேசுபவர்கள் இருப்பார்கள். தமிழ் பேசும் வீடுகளில் புத்தகமும் படமும் பேச விரும்புபவர் ஒருவரோ இருவரோதான் தேறுவார்கள். பழைய கம்பத்தைப் போல, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நம்மவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஆகவே "எங்க புளோக்கில யாரும் இல்லை" என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை. பத்து நிமிட நடைத் தூரத்தில் எத்தனை புளோக் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பேட்டைகளில் முப்பது, நாற்பது புளோக் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். ஒரு குழுவுக்கு எட்டுப் பேர் போதும். பன்னிரண்டுக்கு மேல் போனால் எல்லாரும் பேச நேரம் இருக்காது.

அக்கம்பக்கத்தினர் கூடிப் பேசுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. முகம் தெரியாதவரோடு இணையத்தில் சண்டை போட்டால் அணைத்துவிட்டுப் போகலாம். சனிக்கிழமை மாலை உங்களோடு வாதாடிய அக்காவை ஞாயிற்றுக்கிழமை காலை ஈரச்சந்தையில் கறிவேப்பிலைக் கட்டோடு பார்ப்பீர்கள். மின்தூக்கியில் ஆறு மாடி ஒன்றாகப் போக வேண்டியிருக்கும். அதனால் சொற்களை அளந்து பேசுகிறோம். எதிர்க்கருத்தைச் சொன்னாலும் ஆளை விட்டுவிடுவதில்லை. பிள்ளைகள் அருகிலிருந்து பார்க்க வேண்டிய பாடமும் இதுதான்.

ஒரு சனிக்கிழமை மாலை

தீவின் வடகிழக்கில் உள்ள ஒரு பேட்டையில் அப்படியொரு குழுவோடு ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். குடியிருப்பாளர் குழுவின் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள் பதினொன்று. ஒரு தாதி, ஒரு பேருந்து ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மென்பொருள் துறையில் வேலை செய்யும் இளம் தம்பதி, அம்மாவின் கட்டாயத்தின் பேரில் வந்திருந்த உயர்நிலை மூன்று மாணவர் ஒருவர் எனப் பலதரப்பட்டவர்கள். பேசிய படம் எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்'. பெரும்பகுதி தமிழிலேயே அமைந்த சிங்கப்பூர்ப் படம் இது. 2008ல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குத் தேர்வானது. குடிக்கு அடிமையான, ஒருகாலத்தில் மந்திரவித்தைக் கலைஞனாக இருந்த ஒரு தந்தை. பத்து வயது மகன். மகனுக்காகப் பணம் சேர்க்கத் தன் உடம்பையே வருத்திக்கொள்ளும் வித்தைகளுக்கு அவன் மீண்டும் திரும்புகிறான்.

ஆசிரியர் ஆரம்பித்தார். "குடிக்கிறவனை இவ்வளவு பாசமாக் காட்டினா, பிள்ளைங்க அதைச் சரின்னுதானே நினைக்கும்?"

தாதி மெதுவாகச் சொன்னார். "சார், வார்டுல நான் இந்த மாதிரி அப்பாக்களைப் பார்த்திருக்கேன். பாசம் இல்லாதவங்க இல்லை அவங்க. பாசத்தை வச்சு என்ன செய்யறதுன்னு தெரியாதவங்க."

ஓட்டுநர் அவரோடு ஒத்துப்போகவில்லை. "பாசம் இருந்தா மொதல்ல போத்தலைக் கீழ வைக்கணும் சிஸ்டர். அது ரொம்பச் சுலபமான பேச்சு."

அறை கொஞ்சம் சூடானது. அப்போது அதுவரை கைப்பேசியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்த மாணவர் வாய் திறந்தார். "சார், படம் அவரை நல்லவர்னு சொல்லலையே. அந்தப் பையன் அவரை விட்டுட்டுப் போக முடியலன்னுதானே சொல்லுது? ரெண்டும் ஒண்ணு இல்லையே."

ஆசிரியர் சிறிது நேரம் யோசித்தார். "அதை நான் அப்படிப் பார்க்கலை, தம்பி" என்றார்.

நாற்பது ஆண்டு வகுப்பெடுத்த ஒருவர், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் தமிழில் சொன்ன சொற்கள் அவை. வெளியே வந்தபோது அந்த மாணவரின் அம்மா சொன்னதையும் இங்கே எழுத வேண்டும். "வீட்டுல அவன் தமிழ்ல பேசறதே மூணு வார்த்தைதான். 'பசிக்குது, அப்புறம், ஓகே.' இவ்வளவு நீளமாப் பேசி இன்னைக்குத்தான் கேக்குறேன்."

புத்தகம்: எல்லார் கைக்கும் எட்டுவது எது?

புத்தகக் குழுக்கள் பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் தள்ளாடும். ஆர்வம் குறைவதற்கு முன்பே, புத்தகம் கைக்கு வராமல் போவதுதான் காரணம். பெரிய நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நூலகத்தில் மூன்று பிரதிகள் இருக்கும். பத்துப் பேருக்கும் வேண்டும். இந்தியாவிலிருந்து வரவழைக்கலாம் என்பார்கள். வந்து சேர்வதற்குள் கூட்ட நாள் வந்துவிடும். படித்த இருவர் பேசுவார்கள், படிக்காத எட்டுப் பேர் தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் அந்த எட்டுப் பேரில் நால்வர் வர மாட்டார்கள்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, நாவலை விட்டுச் சிறுகதையிலிருந்து தொடங்குவது. ஒரு தொகுப்பிலிருந்து ஒரே ஒரு கதை. எம்ஆர்டியில் போகும்போதே படித்துவிடலாம். லதாவின் 'நான் கொலை செய்யும் பெண்கள்' 2008ல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்ற சிறுகதைத் தொகுப்பு. அதுபோன்ற ஒரு தொகுப்பை எடுத்துக்கொண்டு மாதம் ஒரு கதை என்று போனால், அரை ஆண்டுக்குத் தேர்வு பற்றிய கவலையே இல்லை. நூலகத்தில் இரவல் காலம் 21 நாள். ஒருவர் படித்து முடித்து அடுத்தவரிடம் நேரில் கைமாற்றிக்கொள்ளலாம். பத்து நிமிட நடைத் தூரத்தில் இருப்பதன் இன்னொரு லாபம் இது.

இரண்டாவது வழி, இலவசமாகக் கணினியிலும் கைப்பேசியிலும் கிடைப்பதைப் பயன்படுத்துவது. சிங்கப்பூரின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2015ல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் நிறைவேறியது. 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதை, சிறுகதை, நாவல், நாடக நூல்கள் ஏறத்தாழ 350ஐ மின்வடிவமாக்கித் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் சேர்த்தார்கள். தொண்டூழியர்கள் பலர் எழுத்துப்பிழை பார்த்து உருவாக்கிய தொகுப்பு அது. பத்துப் பேரும் ஒரே புத்தகத்தை ஒரே இரவில் திறந்துகொள்ளலாம். பிரதி போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. இவ்வளவு பெரிய வசதி நம் வீட்டுத் திரையிலேயே இருக்கிறது. அதை ஒருமுறையாவது திறந்து பார்த்த குடும்பம் எத்தனை என்று உங்கள் புளோக்கிலேயே கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது, என் தொழிலோடும் சேர்ந்தது: வானொலி நாடகம். 2008ல் கலாசாரப் பதக்கம் பெற்ற புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' நகைச்சுவைத் தொடராக சிங்கப்பூர் வானொலியில் ஒலித்து, பின்னர் நூலானது. அடுக்குமாடி வீட்டு வாழ்க்கை நம் மக்களுக்குப் புதிதாக இருந்த காலத்தை அதில் கேட்கலாம். இதுபோன்ற நாடகத்தை யாரும் முன்கூட்டிப் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு, ஒரு காட்சியை அங்கேயே உரக்க வாசிக்கலாம். கூச்சப்படுபவர்களுக்கு இரண்டு வரிப் பாத்திரம். தமிழ் எழுத்தை வேகமாகப் படிக்க முடியாத பிள்ளைக்குத் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். ஒலிவாங்கி தேவையில்லை. வாசித்து முடித்ததும் சிரிப்பும் பேச்சும் தானாக வரும். "எங்க அம்மா கம்பத்திலேருந்து மாறி வந்த மொத வாரம் மின்தூக்கியில ஏறவே மாட்டாங்க" என்று எழுபது வயதுப் பாட்டி ஒருவர் தொடங்கினால், அன்றைய கூட்டத்துக்கு அதுவே போதும்.

படம்: வீட்டில் பாருங்கள், சேர்ந்து பேசுங்கள்

புத்தகத்துக்கு வரத் தயங்குபவர்களும் படம் என்றால் வருவார்கள். ஆகவே ஒரு மாதம் கதை, அடுத்த மாதம் படம் என்று மாற்றி வைப்பது நல்லது. படத்துக்கு வந்தவர் பேச்சு பிடித்துப்போய்க் கதைக்கும் வருவார்.

இதில் ஒரு சட்டக் கவனம் தேவை. குடியிருப்பாளர் குழுவின் அறையிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ திரை கட்டிப் படம் காட்டுவது, கட்டணம் வாங்காவிட்டாலும் பொதுத் திரையிடல்தான். அதற்குப் பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். படத்தின் வயது வகைப்பாட்டையும் பார்க்க வேண்டும். நம்மிடம் இருக்கும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற சந்தாக்கள் சொந்த வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே. பொது அறையில் போட்டுக் காட்ட அவை அனுமதிப்பதில்லை. சமூக மன்றம் உரிமம் பெற்று ஏற்பாடு செய்யும் திரையிடல் என்றால் சரி.

சிறிய குழுவுக்கு இதைவிடச் சுலபமான வழி உண்டு. படத்தின் பெயரை மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவரவர் வீட்டில் குடும்பத்தோடு பார்க்கட்டும். கூட்டத்தில் பேச்சு மட்டும். இரண்டரை மணி நேரப் படத்தைக் கூட்டத்தில் போட்டால், முடிந்ததும் எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வீட்டில் பார்த்துவிட்டு வந்தால் ஒன்றரை மணி நேரமும் பேச்சுக்கே கிடைக்கும். வீட்டில் பார்க்கும்போதே கணவனும் மனைவியும் பாதிச் சண்டையைப் போட்டு முடித்திருப்பார்கள். மீதிச் சண்டைதான் கூட்டத்துக்கு வரும்.

எந்தப் படம்? புதிதாக வந்து, எல்லாரும் ஏற்கெனவே கருத்துச் சொல்லி முடித்த படத்தில் பேச அதிகம் மிச்சமிருக்காது. ஏதோ ஒரு கேள்வியை நம் வாழ்க்கைக்குள் கொண்டுவரும் படம் வேண்டும். மலேசிய இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' நல்ல தொடக்கம். 2015ல் வெளிவந்த இந்தப் படம் 1990களின் தொடக்கத்தில் நடக்கிறது. தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களிடையே வளரும் அப்போய் என்ற சிறுவனின் கதை. மொழி அடிப்படையில் படங்களைப் பிரித்துப் பரிசளிக்கலாமா என்ற சர்ச்சை எழுந்த 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், இது சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. படத்தின் கதையையும் பேசலாம், 'இது யாருடைய படம்' என்ற கேள்வியையும் பேசலாம்.

இங்கே பிறந்தவர், அங்கிருந்து வந்தவர்

இந்த இடத்தில், நாம் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே பேட்டையில் இரண்டு வகைத் தமிழர்கள் வாழ்கிறோம். மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள் ஒரு பக்கம். கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் மறுபக்கம். மின்தூக்கியில் புன்னகைத்துக்கொள்வோம். பேச்சு அதற்கு மேல் போகாது. "அவங்க தமிழ் நமக்கு வராது" என்று இவர்கள் நினைப்பார்கள். "இவங்க தமிழ்ல பேசினா ஆங்கிலத்துல பதில் சொல்றாங்க" என்று அவர்கள் நினைப்பார்கள்.

'ஜகாட்' பற்றிப் பேசும்போது, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்குள்ளவர்கள் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். தோட்டம் என்றால் என்ன, பசியாறுவது என்றால் காலையில் சாப்பிடுவதா என்பதிலிருந்து தொடங்கும் கேள்விகள், "உங்க தாத்தா எந்தத் தோட்டத்துல இருந்தார்?" என்பதில் வந்து நிற்கும். அடுத்த படமாக மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தால் நிலைமை தலைகீழாகும். 2018ல் வெளிவந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இங்கே பிறந்த ஓர் இளைஞர், "அண்ணே, இதெல்லாம் இன்னும் நடக்குதா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு அறையில் ஓர் அமைதி விழும். அங்கிருந்து வந்தவர்களில் ஒருவர் தன் கல்லூரி நாளைச் சொல்வார். இன்னொருவர் எதுவும் சொல்ல மாட்டார். இங்கே பிறந்த பெரியவர் ஒருவர், "நம்ம ஊர்லயும் கல்யாணப் பேச்சு வரும்போது பாருங்க தம்பி" என்று மெதுவாகச் சேர்ப்பார். சாதி பற்றி அடுத்த வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேட்க யாருக்கும் துணிவிருக்காது. படத்தின் கடைசியில் வரும் இரண்டு குவளைகளைப் பற்றிக் கேட்க முடியும்.

கதையும் படமும் நமக்குச் செய்யும் உதவி இது. நம்மைப் பற்றி நேராகப் பேச முடியாதபோது, ஒரு பாத்திரத்தை நடுவில் வைத்துப் பேச முடிகிறது.

கேள்வி கேட்கும் கலை

"படம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற பதில்தான் வரும். அதோடு பேச்சு நின்றுவிடும். வானொலியில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்வது, ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியைக் கேட்பது. குழுவுக்கும் அது பொருந்தும். எனக்குப் பயன்பட்ட சில கேள்விகள் இவை:

"எந்த இடத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தீர்கள்?" இதற்கு எல்லாரும் உண்மையான பதில் வைத்திருப்பார்கள். படம் எங்கே தொய்ந்தது என்ற விமர்சனம் இதிலிருந்தே தொடங்கும்.

"இந்தக் கதையில் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கவே மாட்டீர்கள் என்று யாரைச் சொல்வீர்கள்?"

"இதை உங்கள் அம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?"

"கடைசிப் பத்து நிமிடத்தை நீங்கள் மாற்றலாம் என்றால் என்ன செய்வீர்கள்?"

இன்னொன்று, அமைதியைக் கண்டு பயப்படாதீர்கள். நேரலையில் மூன்று விநாடி ஒலி நின்றால் எங்களுக்கு வியர்த்துவிடும். குழுவில் அந்த மூன்று விநாடியில் யாரோ ஒருவர் தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். உடனே ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொடுத்து அவரைக் காப்பாற்ற வேண்டாம். பத்து விநாடி விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சொல் வந்துவிடும். வராவிட்டால் அவர் ஆங்கிலச் சொல்லையே போட்டுப் பேசட்டும். அதைத் திருத்தவும் வேண்டாம். ஒருமுறை எல்லார் முன்னும் திருத்தப்பட்ட பிள்ளை அடுத்த கூட்டத்தில் வாய் திறக்காது.

குழுவைக் கொல்லும் நான்கு பழக்கங்கள்

முதலாவது, சிறப்புரை. குழு கொஞ்சம் நன்றாக நடந்தால் உடனே ஒரு பேச்சாளரை அழைக்கலாம் என்ற யோசனை வரும். அழைத்தால் சால்வை, பூங்கொத்து, குழுப்படம் என்று தொடரும். ஐம்பது நிமிடம் அவர் பேசுவார். பதினொரு பேர் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். அது இலக்கியக் கூட்டம். அதற்கு வேறு இடங்கள் உண்டு.

இரண்டாவது, தேர்வு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைப் பார்த்து உரையாடும் அங்கம் இருக்கிறது. படம் பார்த்துப் பேசிப் பழகிய பிள்ளைக்கு அது உதவத்தான் செய்யும். ஆனால் அதைச் சொல்லிப் பிள்ளையை அழைத்து வந்தால், நம் குழு இன்னொரு துணைப்பாட வகுப்பாகிவிடும். பிள்ளைக்குப் பெரியவர்களின் சண்டையைப் பார்க்கும் சுவாரசியமே போதும்.

மூன்றாவது, சாப்பாடு. முதல் மாதம் ஒருவர் வடை கொண்டு வருவார். இரண்டாம் மாதம் இன்னொருவர் பிரியாணி. மூன்றாம் மாதம் தன் முறை வருகிறதே என்று ஒருவர் வராமலேயே இருந்துவிடுவார். தேநீரும் பிஸ்கட்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

நான்காவது, வாட்ஸ்அப். குழுவுக்கென்று தொடங்கிய அரட்டையில் காலை வணக்கப் படங்களும் தள்ளுபடிச் செய்திகளும் நிரம்பினால், அடுத்த கூட்டத் தேதி அதன் அடியில் புதைந்துவிடும். தேதி, இடம், கதை. இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் அதில் வேண்டாம்.

அடுத்த மூன்று மாதம்

"வேலை முடிஞ்சு வந்தா உட்காரவே நேரமில்லை, இதுல குழுவா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். ஆண்டுக்குப் பதினெட்டு மணி நேரம். ஒரு நெடுந்தொடரை உட்கார்ந்து பார்க்கும் நேரம் அவ்வளவுதான்.

முதல் மாதம், நீங்களும் இன்னும் மூவரும் போதும். ஒருவர் பக்கத்து புளோக்கில், இன்னொருவர் பிள்ளையின் பள்ளி வாசலில், மூன்றாமவர் கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். மின்தொகுப்பிலிருந்து ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாதம் 'மை மேஜிக்' அல்லது 'ஜகாட்' போன்ற ஒரு படம். அப்போது ஒவ்வொருவரும் இன்னொருவரை அழைத்து வரட்டும். மூன்றாம் மாதம் ஒரு வானொலி நாடகக் காட்சியை உரக்க வாசியுங்கள். அதற்குப் பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் வரட்டும். எட்டுப் பேர் சேர்ந்த பிறகு குடியிருப்பாளர் குழுவையோ சமூக மன்றத்தையோ அணுகி, மாதத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஓர் அறையைக் கேளுங்கள். நூலகத்தில் தமிழ்ப் பிரிவு அதிகாரிகளிடம் புத்தகப் பரிந்துரையும் கேட்கலாம். ஒவ்வொரு கூட்டத்தையும் வேறொருவர் நடத்தட்டும். ஒருவரே நடத்தும் குழு, அவர் வீடு மாறும் அன்று முடிந்துவிடும்.

அதுவரை அறை தேவையில்லை. பல புளோக்குகளின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசையும் அதைச் சுற்றி நான்கு இருக்கைகளும் இருக்கின்றன. முதல் மாதத்துக்கு அந்த நான்கு இருக்கைகள் போதும்.